ஒன்றே ஒன்றாக இருப்பது

எங்கள் உள்ளங்கைகளில் ரேகை கிடையாது. கைரேகை பார்ப்பவனுக்கு எங்களால் கால் காசு வரும்படி இல்லை. ஊரார் எங்களை உள்ளங்கையர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு என்னென்னவோ சொல்வார்கள், அது கிடக்கட்டும்.

பாத்திரம், துணி, நகை எதையும் நாங்கள் பரிசாகக் கொடுப்பதில்லை. நினைவைத்தான் கொடுப்போம். பிரியப்போகிற இருவர் கையோடு கை வைத்து ஆளுக்கொரு நினைவை மாற்றிக்கொள்வார்கள். கொடுத்தவரிடம் அதன் பெயர் மட்டும் நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. என்ன வந்தது என்று வாங்கியவர், கொடுத்தவரிடம் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் பரிசை முகத்தில் விட்டெறிந்ததற்குச் சமம். அதே போல் இன்னொன்று கைவசம் இருக்கும்போது ஒன்றைக் கொடுப்பதும் கேவலம்தான்.

தங்கை கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போகிற நாளில் என்னிடம் ஒன்றே ஒன்றாக இருந்தது அம்மாவின் முகம். அம்மா சாகும்போது எனக்குப் பன்னிரண்டு வயது, இவளுக்கு நாற்பது நாள். முகம் தெரிகிற மற்ற நினைவுகளெல்லாம், இந்த முறை தெரியாத வயதிலேயே, அப்பா, மாமா என்று பிரிந்து போனவர்களோடு போய்விட்டன.

எங்கள் லாண்டரியின் பின்னறையில் அவளுடைய பயணத் துணிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மடித்துக்கொண்டிருந்த சித்திக்கு மனசு ஆறவில்லை.

“வேற ஏதாவது குடுடி. அப்புறம் உனக்குன்னு என்ன இருக்கும்?”

“அவளுக்கு இத்தனை நாளா என்ன இருந்துச்சு சித்தி?”

நான் அவளை வளர்த்தேன் என்பது பெரிய வார்த்தை. சோறு போட்டேன், திட்டினேன், இரண்டு மூன்று தடவை கையும் நீட்டியிருக்கிறேன். “அம்மா” என்று அவள் வாயெடுத்தபோதெல்லாம், “அக்கான்னு சொல்லு” என்று அதட்டினேன். தாய் என்று ஒருத்தி அவளுக்கு வாய்க்கவே இல்லை. அந்தக் குறையோடு அவளை அனுப்ப எனக்கு மனமில்லை.

மதியம் வண்டி வந்துவிட்டது. தேய்க்கும் மேசைக்கு இருபுறமும் நின்று கையோடு கை வைத்தோம். ஒரு மூச்சு நேரம்தான். அம்மாவின் முகம் போய்விட்டது. இருந்தது என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

தங்கை கண்களை மூடியபடி நின்றாள். உதடு துடித்தது. பார்க்கிறாள் என்று தெரிந்தது.

பிறகுதான் எனக்கு வந்ததைக் கவனித்தேன். படுத்திருக்கும் குழந்தையின் பார்வை. உடம்பெல்லாம் காய்ச்சல். ஈரத்துணியோடு ஒரு பெண் குனிகிறாள், பதினாறு வயது இருக்கும், மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. என் தழும்பு. என்னை அவ்வளவு அழகாக யாரும் பார்த்ததில்லை. குழந்தை வாயால் “அக்கா” என்றது. மனதுக்குள் சொன்னது வேறு.

நான் அழுதேன், மறைக்கவில்லை.

தங்கை கண் திறந்தாள். எதையோ தொலைத்தவள் போல நெற்றியைச் சுருக்கினாள்.

“காய்ச்சல்னு மட்டும் நிக்குதுக்கா. என்னை யாரு பாத்துக்கிட்டாங்க?”

சித்தி என்னைப் பார்த்தாள்.

“யாரோ ஒருத்தி” என்றேன்.

“நல்லாப் பாத்துக்கிட்டாளா?”

அதைக்கூடச் சொல்லக் கூடாதுதான். நேற்று கேட்டிருந்தால் எனக்குப் பதிலும் தெரிந்திருக்காது.

“நல்லாப் பாத்துக்கிட்டா.”