குங்குமம் வைக்காத தாள்

அம்மன் படம் என்றால், முதல் தாளுக்குக் குங்குமம் வைத்த பிறகுதான் அந்த சிவகாசி பிரஸ்ஸில் மெஷின் ஓடும். போர்ப் பேச்சு முற்றியிருந்த வாரத்தில் வந்த ஆர்டரில் அம்மன் கையில் ஏவுகணை இருந்தது, காலடியில் எதிரி நகரம் எரிந்தது. ‘அணுகுண்டு போடு, அம்மன் காப்பாள்’ என்று கீழே எழுத்து.

மெஷின்மேன் சங்கிலிமுத்து குங்குமத்தைத் தொடவில்லை.

“வையிலே. தெய்வக் குத்தமாயிரும்” என்றார் முதலாளி செந்தூர்பாண்டி.

“பட்டாசு ஆலையில ஒரு வெடி ரூம் போனாலும் அடுத்தது பொழைக்கணும்னு எடவெளி விட்டுக் கட்டுறாக. அந்த ஒத்த ரூம் வெடிச்சதுக்கே எம் பொண்டாட்டியை மெட்டியை வச்சுத்தான் அடையாளம் பாத்தேன். இந்தக் குண்டுக்கு எங்கன எடவெளி இருக்கு, மொதலாளி? இதை அம்மனா கேட்டா?”

மெஷினிலிருந்து அச்சு பிளேட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவன் வெளியேறினான்.

மாலைக்குள் ஆர்டர் எதிர்ப் பிரஸ்ஸுக்குப் போனது. அங்கே குங்குமம் வைக்க ஆள் இருந்தது.