மெரெரிட்டின் வாய்மொழித் தேர்வு

வேல்ஸில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, தலையணையை இன்னும் கொஞ்சம் உயர்த்தச் சொன்னாள் மெரெரிட். டெரெக் ஒரு கையால் மனைவியின் முதுகைத் தாங்கி மறு கையால் தலையணையைச் செருகிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் பிரிவிலிருந்து ஹைல்வென்.

“மலைப்பாதையில பனி. அபெரிஸ்ட்வித்லேர்ந்து வர்ற தேர்வாளர் லௌரி வழியில மாட்டிக்கிட்டாங்க, சாயங்காலம் ஆயிடும். இங்கயே ஒரு பேராசிரியர் இருக்கார், உங்க ஆய்வேட்டை மொழிபெயர்ப்பில படிச்சிருக்கார். இங்கிலீஷ்னா உடனே வந்துடுவார். உங்க தாய்மொழி வெல்ஷ்ல தேர்வு கேக்கறது உங்க உரிமை, அதுல மாத்தமில்ல. ஆனா உங்க உடம்பு இருக்கிற நிலையில நீங்கதான் சொல்லணும்.”

“காத்திருக்கேன்,” என்றாள் மெரெரிட்.

டெரெக் போனை வைத்தான். சாயங்காலம் வரை தாங்குவாள் என்று டாக்டர் உறுதி சொல்லியிருக்கவில்லை.

“இங்கிலீஷ்ல சொன்னா உன் அறிவு குறைஞ்சிடுமா?”

“உனக்குக் கோபம் வந்தா உன் ஊர் லிவர்பூல் பேச்சு வந்துடுது, கரியாட்.” ‘கண்ணே’ என்பதை மட்டும் வெல்ஷில் சொல்லிவிட்டு, சிரிக்கப் போய் இருமினாள். “நான் நர்ஸா இருந்த வார்டுல ஒரு கிழவர் இருந்தார். எப்படி இருக்குன்னு இங்கிலீஷ்ல கேட்டேன். மரியாதையா, ‘பரவாயில்ல சிஸ்டர்’னார். எனக்கே சந்தேகம் வந்து வெல்ஷ்ல கேட்டேன். நெஞ்சுக்குள்ள எலி கடிக்குதுன்னார். ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிட்டு வந்தேன். அந்த எலியைப் பத்திதான் என் ஆராய்ச்சி முழுக்க. அதை வேற மொழியில எப்படிச் சொல்றது?”

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு படிக்கப் போனவள் அவள். முதல் அத்தியாயத்தை ஆங்கிலத்தில்தான் எழுதினாள். வெல்ஷிலேயே எழுதலாம் என்று ஹைல்வென் ஒரு கூட்டத்தில் விளக்கியதும், வீட்டுக்கு வந்து முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினாள். பைத்தியக்காரத்தனம் என்று டெரெக் அன்று நினைத்தான்.

பிற்பகலில் வலி கூடியது. மருந்து போட்டால் தூங்கிவிடுவோம் என்று மறுத்துவிட்டாள்.

விளக்கு போடும் நேரத்தில், பூட்ஸில் பனியோடு லௌரி உள்ளே வந்தாள். மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கட்டிலருகே அமர்ந்தாள். பேச்சு தொடங்கியது. டெரெக்குக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் மெரெரிட்டின் குரலை அவனால் பின்தொடர முடிந்தது. அவள் லௌரியை இடைமறித்தாள். விரலை நீட்டி ஏதோ மறுத்தாள். வேகமாக ஒன்று சொல்ல, லௌரி குனிந்து சிரித்தாள். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவள் யாரையும் இடைமறித்து அவன் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் அவன் மொழியில் அவனோடு மெதுவாக நடந்து வந்தவள், இங்கே ஓடிக்கொண்டிருந்தாள்.

ஒரு கட்டத்தில் லௌரி பேனாவை மூடிவிட்டு வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் டெரெக்கிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: “ஒரு திருத்தமும் இல்லாம தேறிட்டாங்க. நான் கேக்க நினைக்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிட்டாங்க.”

“நல்லா பண்ணாளா?”

“நான்தான் தேர்வுக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கு,” என்று கோட்டை மாட்டிக்கொண்டாள்.

அவன் உள்ளே போனபோது மெரெரிட் மருந்துக்காகக் கையை நீட்டியிருந்தாள்.

“உனக்கு போர் அடிச்சிருக்கும்.”

“இல்ல,” என்றான். “இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருக்கலாம்.”

மறுநாள் வெயில் ஏறுவதற்குள், தூக்கத்திலேயே அவள் மூச்சு நின்றது.

நோனா என்ற நர்ஸ் வெந்நீரும் துண்டும் கொண்டுவந்தாள். வெளியே இருக்கலாம் என்று அவனிடம் சொன்னாள். அவன் நகரவில்லை. முகத்தைத் துடைக்கும்போதும் தலைமுடியை ஒதுக்கும்போதும், அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பதை நோனா மெரெரிட்டிடம் வெல்ஷில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு புதுச் சட்டையை விரித்துப் பிடித்து ஏதோ சொன்னாள்.

டெரெக் குனிந்து மனைவியின் இடது கையைத் தூக்கிக் கொடுத்தான்.