கீழ ஒருத்தரும் இல்லை

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பசியில் பிறந்தது. கனடாவின் பிக்கரிங் நகரில் சனம் பெருகிக்கொண்டே போகிறது. யாருக்கு எப்படி வீடு வேண்டும், எங்கே பஸ் வேண்டும், எங்கே டேகெயார் வேண்டும் என்று சிற்றிக்காக, அதாவது நகரசபைக்காக, வீடு வீடாகப் போய்க் கேட்டு ரப்லெற் திரையில் பதிவது என் பகுதிநேர வேலை. கதை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? மணியடித்தால் பாத்திரங்களே வந்து கதவைத் திறக்கிறார்கள்!

முதல் தொடக்கம்: "பனி கொட்டிய அந்த மாலையில், தனிமை அவனை..." (வேண்டாம். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.)

2.
கதவைத் திறந்தவர் புனிதவதி அன்ரி.

"வீட்டில எத்தினை பேர், அன்ரி?"

"நானும் மகன் திலக்சனும்தான்."

"பேஸ்மென்ற்றில?"

"கீழ ஒருத்தரும் இல்லை."

கீழே குக்கர் விசிலடித்தது.

"உது ஹீட்டர்," என்றார் அன்ரி. ஆடி மாதத்தில்!

(அவரைப் பொய்க்காரி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பேஸ்மென்ற்றை அனுமதி இல்லாமல் வாடகைக்கு விட்டிருக்கிறார். சிற்றிக்காரர் வந்து பூட்டிவிடுவார்களோ என்று பயம். இப்படி ஒரு பாத்திரத்தை யார் நம்புவார்கள் என்று எனக்கே சந்தேகம் வந்தது. அடுத்து அவர் செய்ததை என் கற்பனை எட்டியே இருக்காது.)

3.
கேள்விகள் முடிய, நான் கதிரையை விட்டு எழும்பினேன்.

"சாப்பிடாமல் போகேலாது, தம்பி!"

வெள்ளிக்கிழமை. அன்ரி விரதம், அடுப்பே மூட்டவில்லை. அதற்காக வீட்டுக்கு வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்புவதா? படிக்கட்டுக் கதவைத் திறந்து முழுக்குரலில் கூப்பிட்டார்:

"வேரோனிக்கா! சோறு இருக்கோ? ஆள் வந்திருக்கு!"

"ஓம் அன்ரி! மீன்குழம்பு. மேல கொண்டு வரட்டோ?"

"ஐயோ, விரத நாளில மீன் மேல வரப்படாது! தம்பி, நீங்கள் கீழ போங்கோ."

ஒருத்தரும் இல்லாத பேஸ்மென்ற்றுக்கு என்னை விருந்துக்கு அனுப்புகிறார்! அன்ரிக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைப் பொத்தினார். பிறகு இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம்.

4.
கீழே வேரோனிக்காவும் அவள் மகள் றஜிதாவும். ("ஈரம் கசிந்த இருட்டறையில்..." என்று எழுத வெளிக்கிட்டேன். பொய். அறை பளிச்சென்று இருந்தது.) வேரோனிக்கா சோறு போட்டாள்.

"திலக்சனுக்குக் கலியாணம். அவைக்கு இந்த இடம் வேணும். மார்கழிக்குள்ள நாங்கள் வெளிக்கிட வேணும். நான் குடுக்கக்கூடிய வாடகைக்கு இஞ்ச வீடே இல்லை. பிள்ளையின்ர பள்ளிக்கூடத்தை விட்டிட்டு எங்க போறது?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

தெருமுனையில் ஒரு வெறுங்காணி கிடக்கிறது. அங்கே வாடகை வீடுகள் எழும்புமா, இரட்டைக் கராஜ் வைத்த மாளிகைகள் எழும்புமா என்பதை எங்கள் கணக்கைப் பார்த்துத்தான் சிற்றி தீர்மானிக்கும். இவர்களை எண்ணாவிட்டால் இந்தத் தெருவில் வாடகை வீடு யாருக்கும் தேவையில்லை என்று ஆகிவிடும். எண்ணினால் அன்ரியின் பயம் பலிக்கலாம். மார்கழி வரை இருக்கிற இடமும் போய்விடலாம்.

5.
முடிவு அ: எண்ணினேன். காணியில் கட்டடம் எழும்பியது. ஏழாம் மாடியிலிருந்து றஜிதா கையசைத்தாள். (பல் கூசுகிறது.)

முடிவு ஆ: எண்ணவில்லை. ஏப்பம் விட்டுக்கொண்டு அடுத்த வீட்டு மணியை... (சீ!)

படியின் மேலிருந்து அன்ரி கேட்கிறார்: "தம்பி, என்ன போடப் போறியள்?"

வேரோனிக்கா இன்னொரு மீன்துண்டை என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துவிட்டு நிற்கிறாள்.

என் கை முழுக்கக் குழம்பு. வாசகரே, இந்த ரப்லெற்றைக் கொஞ்சம் பிடியுங்கள். கீழ்த்தளத்தில் எத்தனை பேர் என்று கேட்கிறது. உங்கள் கை சும்மாதானே இருக்கிறது? அழுத்துங்கள். மூன்று பேரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள்.