வண்டி மறந்த சாவி

சாவிக்காரனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்க முடியாது. நாயைக் கண்டால் பயம், லிஃப்டில் ஏறப் பயம், யாராவது குரலை உயர்த்தினால் உள்ளங்கை வேர்த்துவிடும். "எந்த தைரியத்துல எங்கப்பா என்னை உங்களுக்குக் கட்டி வெச்சார்?" என்று அவன் மனைவி வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள். அப்படிப்பட்டவன் தேடிக்கொண்ட பிழைப்பைப் பாருங்கள். கார் சாவியைத் தொலைத்துவிட்டுத் தவிக்கிற முன்பின் தெரியாத மனிதர்களிடம் வேனை ஓட்டிக்கொண்டு போய், நின்ற இடத்திலேயே புதுச் சாவி வெட்டிக் கொடுப்பது.

வெட்டினால் மட்டும் போதாது. இப்போதைய கார் சாவிக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. வண்டிக்கு அந்தச் சிப்பைத் தெரிந்திருந்தால்தான் இன்ஜின் ஓடும். தெரியாவிட்டால் ஒரு உறுமல் உறுமிவிட்டு அப்படியே அடங்கிவிடும். ஆகவே புதுச் சாவியை மெஷின் வைத்து வண்டிக்கு அறிமுகம் செய்ய வேண்டும். இது புரியாமல், கடைக்கு வந்து வாங்கிக்கொள்ளட்டுமா என்று போனில் கேட்பவர்கள்தான் அதிகம். "சாவிய மட்டும் தனியா போட முடியாதுங்க. வண்டி பக்கத்துல இருக்கணும்" என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு வாய் வலித்துவிட்டது. தூக்கத்தில்கூட அதையே உளறுகிறான் என்று மனைவி சொல்வாள். அதற்கு அடுத்தபடி அவன் சொல்வது, "வீட்ல இருக்கற சாவி எல்லாத்தையும் எடுத்து வைங்க. பக்கத்துல இல்லாத சாவிய வண்டி மறந்துடும்."

அன்று நண்பகலில் கூப்பிட்டது ஒரு பெண். கிசுகிசுப்பாகப் பேசினாள். மற்றவர்கள் எவ்வளவு ஆகும் என்று கேட்பார்கள். இவளோ எவ்வளவு நேரமாகும் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். "ஹாரன் மட்டும் அடிச்சிடாதீங்கண்ணா." அப்போதே அவனுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆனால் முடியாது என்று சொல்லவும் கொஞ்சம் தைரியம் வேண்டுமே. அது இல்லாததால் போனான்.

மாடி வைத்த வீடு. கேட்டைத் தாண்டிக் குறுகலான ஒரு பாதை, அதன் முடிவில் ஷெட்டுக்குள் வெள்ளைக் கார். கேட்டின் வாயை அடைத்துக்கொண்டு வேனைப் பின்பக்கமாக நுழைத்து நிறுத்தினான். வேனின் பின்கதவில் 'சாவி தொலைந்ததா? இருக்கும் இடத்துக்கே வருவோம்' என்று கொட்டை எழுத்தில் போன் நம்பரோடு எழுதியிருக்கும். வேலை செய்யும்போது அந்தக் கதவைக் கூரை மாதிரி மேலே தூக்கி வைத்துவிடுவான். எழுத்து வானத்தைப் பார்க்க, அவன் அதன் நிழலில் நின்று சாவி வெட்டுவான்.

அந்தப் பெண் கேட்டருகிலேயே நின்றாள். பக்கத்தில் ஏழெட்டு வயது மகள், அம்மாவின் விரலைப் பிடித்தபடி. விடுமுறை நாள், வீட்டில் இருக்கிற குழந்தை. ஆனால் காலில் சாக்ஸும் ஷூவும் போட்டு, நாடாவை இரட்டை முடிச்சாக இறுக்கியிருந்தது. சாவிக்காரன் அதைப் பார்த்தான். பார்க்காதது போல இருந்துவிட்டான். அதில் அவனுக்கு நல்ல பழக்கம் உண்டு.

வண்டி அவள் பெயரில்தான் இருந்தது. ஆர்.சி. புத்தகத்தையும் அடையாள அட்டையையும் நீட்டினாள். காரைப் பூட்டியிருக்கவில்லை. கதவுப் பூட்டின் உள்பற்களை அளந்து, வேனில் சாவியை வெட்டினான். மெஷின் கிர்ரென்று கத்தியபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சாவியைப் போட்டுத் திருப்பியதும் டேஷ்போர்டில் விளக்குகள் எரிந்தன. ஸ்டியரிங்குக்கு அடியில் ஒயரைச் செருகி மெஷினை மடியில் வைத்துக்கொண்டான். இந்த ரக வண்டிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தன் ஞாபகத்தைத் திறந்து காட்டுவதற்கு முன் பத்து நிமிடம் காக்க வைக்கும். திருடன் அவ்வளவு நேரம் பொறுக்க மாட்டான் என்பது கம்பெனிக்காரன் கணக்கு. நடுவில் ஒயரைப் பிடுங்கினால் எந்தச் சாவிக்கும் வண்டி கிளம்பாது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். திரையில் எண்கள் இறங்க ஆரம்பித்தன.

"வேற சாவி ஏதாச்சும் இருக்காமா? இருந்தா எடுத்துட்டு வாங்க. இல்லாததை வண்டி மறந்துடும்."

"மறக்கட்டும்ணா" என்றாள் அவள், மகளோடு காரருகே வந்து. "எல்லாத்தையும் அழிச்சிடுங்க."

"சாவி தொலைஞ்சு போச்சுன்னு தானே சொன்னீங்க?"

அவள் தெருவைப் பார்த்தாள். "தொலையல. ரெண்டும் அவர்கிட்ட இருக்கு. குளிக்கப் போனாக்கூட கையோட எடுத்துட்டுப் போயிடுவார். முடி வெட்டிக்கப் போயிருக்கார். வர்றதுக்குள்ள நாங்க போயிடணும். இன்னிக்கு விட்டா இனி முடியாதுண்ணா."

சாவிக்காரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருந்த இடத்திலிருந்து எழுந்து ஓடிவிட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அதை மறைப்பானேன்? ஆனால் ஒயரைப் பிடுங்கினால் கார் செத்துக் கிடக்கும். வருகிறவன் என்ன ஏது என்று இந்த இருவரிடம்தான் கேட்பான். போனாலும் பயம், இருந்தாலும் பயம். "சீக்கிரம், சீக்கிரம்" என்று மெஷினிடம் முணுமுணுத்தான். அது தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது.

பாதி தாண்டியிருக்கும். வேனுக்கும் சுவருக்கும் இடையே உடம்பை ஒடுக்கிக்கொண்டு ஒரு ஆள் உள்ளே வந்தான். சலவைச் சட்டை. முடி வெட்டப்படவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தம் வற்றியதைப் பார்த்ததும், வந்தது யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கடைல ஒரே கூட்டம்" என்றான் கணவன். கத்துவான் என்று சாவிக்காரன் காத்திருந்தான். அவன் கத்தவில்லை, சிரித்தான். "யாரும்மா இவரு?"

"சர்வீஸ்ல இருந்து" என்றாள் அவள். "செக் பண்ண வந்திருக்காங்க."

"அப்படியா? எங்கிட்ட சொல்லவே இல்லையே." அவன் குனிந்து மகளின் காலைப் பார்த்தான். "பாப்பா எதுக்கு ஷூ போட்டிருக்கு?"

"சின்னதாயிடுச்சான்னு போட்டுப் பாக்கறேன்பா. கட்டைவிரல் இடிக்குது" என்றது குழந்தை, கண்ணிமைக்காமல். சாவிக்காரனுக்கும் அதே வயதில் ஒரு மகன் இருக்கிறான். பென்சிலைத் தொலைத்துவிட்டுச் சொல்லும் பொய்யைக்கூட அவனால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. இந்தக் குழந்தை எத்தனை தடவை சொல்லிப் பழகியிருந்தால் இவ்வளவு சுத்தமாக வரும் என்று நினைத்துக்கொண்டான்.

கணவன் மகளின் தலையைத் தடவிவிட்டு, மனைவியிடம் அதே சிரிப்போடு, "நாம அப்புறம் பேசிக்கலாம்" என்றான். அவள் கார் கதவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவன் சாவிக்காரன் பக்கம் வந்து கதவில் கை வைத்துக் குனிந்தான்.

"சார், சாவி எங்கிட்ட இருக்கு. இதுல ஒரு சாவி தொங்குதே?"

எங்கிருந்து அந்த வார்த்தைகள் வந்தன என்று சாவிக்காரனுக்கு இன்றுவரை தெரியாது. "இது டெஸ்ட் சாவி சார். லைட்டு மட்டும்தான் எரியும், வண்டி ஓடாது. பாருங்க." திருகினான். இன்ஜின் ஒரு உறுமல் உறுமி அடங்கிப்போனது. அப்போதைக்கு அது சத்தியமான பேச்சுதான். வண்டிக்கு அந்தச் சாவியை இன்னும் தெரியாதே. மெஷின் எண்ணுவதை நிறுத்தவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு உயிர் வந்தது.

"ஓஹோ" என்றான் கணவன். நகரவில்லை. அவன் மூச்சு சாவிக்காரனின் காதில் பட்டுக்கொண்டே இருந்தது. எண்கள் இறங்கின. பூஜ்யம் வந்ததும் மெஷின் பீப் என்றது. திரையில் எழுத்து மாறியது. 'பழைய பதிவுகள் அனைத்தும் அழிக்கப்படும். தொடரவா?' கீழே ஆம், இல்லை.

சாவிக்காரனின் விரல் அந்தரத்தில் நின்றது. 'இல்லை'யைத் தொட்டால் போதும். மெஷினைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். யாரும் அவனைக் கேட்கப் போவதில்லை. காரின் பக்கவாட்டுக் கண்ணாடியில் குழந்தையின் ஷூ, அந்த இரட்டை முடிச்சு தெரிந்தது.

"என்ன யோசிக்கறீங்க?" என்றான் கணவன்.

"கோளாறு பதிவு எல்லாம் இருக்கு சார். அழிக்கலாமான்னு கேக்குது. ஓனர் சொல்லாம..."

"ஓனர்தான் நிக்கறேனே. அழிங்க. இதுக்கா இவ்வளவு நேரம்?" பொறுமை இழந்து, கையை நீட்டி, தன் விரலாலேயே 'ஆம்' என்பதை அழுத்தினான்.

மெஷின் இரண்டு முறை கூவியது. 'ஒரு சாவி பதிவானது' என்று வந்ததும் சாவிக்காரன் திரையைத் தொடையோடு கவிழ்த்துக்கொண்டான்.

"முடிஞ்சுதா? தள்ளுங்க, நான் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறேன்." கணவன் புதுச் சாவியை உருவி மரியாதையாகச் சாவிக்காரன் கையில் கொடுத்துவிட்டு, பையிலிருந்து தன் சாவியை எடுத்துப் போட்டுத் திருகினான். உறுமல், மௌனம். மறுபடி திருகினான். அதே உறுமல், அதே மௌனம். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு படபடவென்று துடித்தது.

"நேத்து ஓடின வண்டி சார் இது" என்றான் மெதுவாக.

"அதான் சார் கோளாறு. அதுக்குத்தான் கம்பெனில அனுப்பினாங்க."

கணவன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "இருங்க. நான் கம்பெனிக்கே போன் பண்ணிக் கேக்கறேன். உள்ள சார்ஜ்ல இருக்கு." மனைவியிடம் திரும்பினான். "இவர் போகாம பாத்துக்கோ." கேட்டைச் சாத்த முடியாமல் வேன் குறுக்கே நிற்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனான்.

சாவிக்காரன் ஒயரைப் பிடுங்கினான். புதுச் சாவியை அவளிடம் நீட்டினான். அவள் வாசற்கதவையே பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நின்றாள். குழந்தைதான் சாவியை வாங்கி அம்மாவின் கையில் வைத்து விரல்களை மடக்கியது.

"நான் வேனை வெளிய எடுத்ததும் ஸ்டார்ட் பண்ணுங்கம்மா" என்று சாவிக்காரன் கிசுகிசுத்தான். "அதுக்கு முன்னாடி வேணாம். இன்ஜின் சத்தம் கேட்டா ஓடி வந்துடுவார். வழி இருக்காது."

உள்ளேயிருந்து, "மேனேஜரைக் குடுங்க... இன்னிக்கு எங்க வீட்டுக்கு யாரையாச்சும் அனுப்பினீங்களா?" என்ற குரல் கேட்டது. நிதானமான குரல். பிறகு பேச்சு நின்றது.

ஓட்டம் பிடிப்பதில் நம்ம ஆளை மிஞ்ச ஆள் கிடையாது. வாழ்நாள் முழுக்கப் பழகிய வித்தை அன்றைக்குத்தான் ஒரு காரியத்துக்கு உதவியது. கருவிகளை அள்ளி உள்ளே வீசினான். பின்கதவை அடித்துச் சாத்தினான். வேனைக் கிளப்பித் தெருவில் பாய்ந்தான். பின்னால் கார் உறுமியது. அவன் காது அடுத்த மௌனத்துக்காகக் காத்திருந்தது. மௌனம் வரவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

தெருமுனைவரைதான் அவனால் போக முடிந்தது. கால் நடுங்கி கிளட்ச்சிலிருந்து நழுவ, வேன் குலுங்கி நின்றுவிட்டது. கார் அவனைக் கடந்து போனது. வெயில் கொளுத்தும்போது வைப்பர் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. எந்தப் பொத்தானை அழுத்தினாளோ பாவம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தை பின்சீட்டில் பெல்ட் போட்டு நேராக உட்கார்ந்திருந்தது. பெரிய சாலையில் திரும்பிக் கார் மறைந்தது.

பக்கவாட்டுக் கண்ணாடியில் கணவன் தெரிந்தான். ஒற்றைச் செருப்போடு நடுத்தெருவில் ஓடி வந்தான். சாவியைக் கார் போன திசைக்கு நீட்டி அதன் பொத்தானை அழுத்தினான். மறுபடி மறுபடி அழுத்தினான். பிறகு கையைத் தாழ்த்தினான். அப்போதுதான் வேனின் பின்கதவைப் பார்த்தான்.

நின்று, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். போனை எடுத்து அந்த நம்பரைப் படம் பிடித்தான். சாவிக்காரன் கதவுகளைப் பூட்டிக்கொண்டு வேனைக் கிளப்பப் பார்த்தான். சாவியைத் திருகக் கை வரவில்லை. இனி எந்த நேரம் போன் அடித்தாலும் இந்த முகம்தான் ஞாபகம் வரும் என்று தெரிந்தது.

கணவன் வந்து விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டினான். சாவிக்காரன் ஒரு விரற்கடை இறக்கினான்.

"போர்டை இப்பதான் சார் பாத்தேன்" என்றான் கணவன், மூச்சு வாங்க, அதே மரியாதையோடு. வியர்வை முகத்தில் சிரிப்பு மட்டும் இல்லை. "அவளுக்குப் போட்டுக் குடுத்தீங்க இல்ல? அதே மாதிரி எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க. இப்பவே."

வாயைத் திறந்தால் என்ன வரும் என்று சாவிக்காரனுக்கே தெரியவில்லை. தூக்கத்தில் உளறுவதுதான் வந்தது.

"சாவிய மட்டும் தனியா போட முடியாதுங்க" என்றான். குரல் கிடுகிடுவென்று நடுங்கியது. "வண்டி பக்கத்துல இருக்கணும்."