பலமான காரணம்

பாலகுருவுக்குக் குற்றம் கண்டுபிடிக்கத்தான் சம்பளம். துபாயில் ஒரு லிஃப்ட் கம்பெனியில் தரப் பரிசோதகன். வீட்டுக்கு வந்தாலும் அவன் டியூட்டி முடியாது. குழம்பின் உப்பு முதல் மனைவி ஜோதிமணியின் முகம் வரை எல்லாவற்றையும் ஒருமுறை சோதித்துவிட்டுத்தான் உட்காருவான்.

ஜோதிமணி எழுத்தாளர். தாராபுரத்துக்கு மேற்கே ஒரு மானாவாரிக் காட்டில் ஆடு மேய்த்தபடி படித்தவள். எதை எழுதினாலும் முதலில் அதைச் செய்து பார்த்துவிடுவாள். முதல் கதையில் ஓர் ஆடு கிணற்றில் விழ வேண்டியிருந்தது. அதற்காகப் பாழுங்கிணற்றில் இறங்கி, ஏற முடியாமல் ஊரையே கூட்டிவிட்டாள். அந்தக் கதைக்குத்தான் பரிசு கிடைத்தது. கல்யாணமாகி துபாயின் அல் குசைஸ் பகுதிக்கு வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. கட்டட சைட்டில் வேலை செய்பவனைப் பற்றி எழுத, ஆகஸ்ட் வெயிலில் மொட்டை மாடியில் செங்கல் சுமந்து மயங்கி விழுந்தாள். இப்போது மூன்று தொகுப்புகள் வந்துவிட்டன. கோவைப் பக்கம் அவள் பெயர் தெரிந்த அளவுக்குப் பாலகுருவின் பெயர் அவன் கம்பெனியிலேயே தெரியாது. அது அவனுக்கு வலிக்கத்தான் செய்தது.

போன வாரம் அவளுடைய புதுக்கதை கம்ப்யூட்டரில் திறந்து கிடந்தது. படித்தான். துபாயில் இருக்கும் ஒருத்தி, புருஷன் வேலைக்குப் போன நேரம் பெட்டி கட்டி, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்குப் போய்விடுகிறாள். கதையில் புருஷன் பேங்க்காரன். அதுதான் பாலகுருவின் சந்தேகத்தைக் கிளப்பியது. மறைக்க ஒன்றுமில்லை என்றால் வேலையை எதற்கு மாற்ற வேண்டும்?

அதற்குப் பிறகு எல்லாமே கண்ணை உறுத்தியது. கட்டிலடியில் கிடந்த பெட்டி ஹாலுக்கு வந்திருந்தது. அவள் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் மெதுவாகப் பேசினாள்.

"யாரு போன்ல?"

"பத்திரிகை ஆசிரியருங்க, சிவசங்கரன் சார். கதையில ஒரு குறை சொல்றாரு. யோசிக்கோணும்."

"பெட்டி எதுக்கு வெளிய கெடக்குது?"

"கட்டிப் பாக்கறனுங்க. அவ எதை எடுப்பா, எதை வுட்டுட்டுப் போவான்னு கட்டிப் பாத்தாத்தானுங்க தெரியும்."

அவள் வழக்கம் அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் கிணற்றில் சும்மா இறங்கிப் பார்த்தவள் மேலே வர முடியாமல் போனதும் நினைவுக்கு வந்தது. மறுநாள் காலை அவள் குளிக்கும்போது பாஸ்போர்ட்டை எடுத்துப் போய் ஆபீஸ் டிராயரில் வைத்துப் பூட்டினான்.

துபாய் வந்த புதிதில் அவன் பாஸ்போர்ட்டையும் கம்பெனி மேனேஜர் இப்படித்தான் வாங்கி வைத்திருந்தார். அப்பா இறந்தபோது கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்வதற்குள் காரியமே முடிந்திருந்தது. அந்த மேனேஜரை இன்றுவரை வாய் ஓயாமல் திட்டுவான். டிராயரைப் பூட்டியபோது மட்டும் அந்த ஆளின் நினைவு வரவில்லை.

சாயங்காலம் வீடு திரும்பியபோது, ஜோதிமணி திறந்த பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"பாஸ்போர்ட்டக் காணமுங்க."

"ஆபீஸ்ல இருக்குது. பத்திரமா இருக்கட்டும்னுதான்."

அவள் அவனையே பார்த்தாள். "உங்க மேனேஜரும் இதைத்தானுங்க சொன்னாரு."

அவள் எழுந்து போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

"சிவசங்கரன் சார் சொன்ன குறை என்னன்னு தெரியுமுங்களா? அந்தப் புருஷன் அடிக்கல, குடிக்கல. நல்லவனா இருக்கறான், அவ வுட்டுட்டுப் போறதுக்குப் பலமான காரணம் இல்லையேன்னாரு. எனக்கும் எதுவுமே தோணல. இப்பக் கெடச்சிருச்சுங்க."

"கதைக்குத்தானே ஜோதி?"

"கதைக்குத்தானுங்க." தட்டச்சு செய்துகொண்டே சொன்னாள். "நாளைக்கு அந்தப் பாஸ்போர்ட்டக் கொண்டாந்து குடுத்துருங்க. செஞ்சு பாக்காம நான் எதையும் எழுதுனதில்லைங்களே."