வெட்டாத இயக்குநர்

இலங்கைத் தமிழ் சினிமாவின் வரலாறு அருள்குமரனுக்கு முன், அருள்குமரனுக்குப் பின் என்று இரண்டாகப் பிரியப்போகிறது, இதில் அவனுக்குக் கடுகளவும் சந்தேகமில்லை, இன்று பின்னேரம் உடப்பு வாசிகசாலை மண்டபத்தில் அவன் படம் ஓடி அது பிரியும்போது தன் பல்வரிசையும் சேர்ந்து பிரியுமா என்பதுதான் சந்தேகம்... மேடையோரம் லெப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தான், கதிரைகள் நிரம்பிக்கொண்டிருந்தன, எல்லாம் வலை இழுக்கிற கைகள், எவ்வளவு பெரிய கைகள், படம் பிடிக்கும்போது இதை ஏன் கவனிக்கவில்லை? வெட்டே விழாத காட்சிகள், அதுதான் அவன் பாணி, கமரா அசையாமல் நிற்கும், வாழ்க்கை அதற்கு முன்னால் நடந்துபோகும், வெட்டுகிறவன் கோழை என்று கம்பஸ் கன்டீன் மேசையில் ஏறி நின்று சொன்னவன், யாருக்கோ பயந்து ஒரு காட்சியைத் தூக்கிய கொழும்பு இயக்குநருக்குத் தபாலில் கத்தரிக்கோல் அனுப்பிவைத்தவன். யாருடைய பாதிப்பு என்று கேட்டால் கடலின் பாதிப்பு என்பான், அவன் களவெடுத்த ஐரோப்பியப் படங்களைப் பற்றிக் கடல் வாய் திறக்காது என்ற தைரியம்.

ஆனால் கதிரவேலு... கோயில் தீமிதிப்பன்று மஞ்சள் உடுத்தித் தீக்குழியின் விளிம்புவரை வந்தவர், காலைத் தூக்கினார், பிறகு கீழே வைத்தார், திரும்பிப் போய்விட்டார், மேளத்திலும் புகையிலும் ஊர் அதைக் காணவில்லை, கமரா கண்டது. அந்த முகம்தான் படத்தின் உச்சம், அப்படித்தான் நினைத்தான், ஊர் அப்படி நினைக்குமா? விரதம் முறித்தவன்தான் குழியடியில் பின்வாங்குவான் என்பார்கள், அப்படிப்பட்டவனோடு யார் கடலுக்குப் போவார்கள்? நேற்று அவருடைய மனைவி தயானி வாசல் படலையில் நின்று, "மனுசன் பயந்திட்டார் தம்பி, அவ்வளவுதான். விரதத்தில ஒரு பிழையும் இல்ல. இதைக் காட்டினா இனி ஆர் அவரை போட்டில ஏத்துவாங்க?" என்றாள். கலைக்கு மறைக்கத் தெரியாது அக்கா என்றான். "அப்ப உங்கட கலையையே எங்களுக்குச் சோறு போடச் சொல்லுங்க."

"டேய் கதிரவேலு, இண்டைக்கு நீதான்டா ஹீரோ!" என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்கள், முன்வரிசையில் கதிரவேலு சிரித்தார், அழுத்தித் தேய்த்த சேட்டு, கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்த விரல்கள், அருள்குமரனைப் பார்த்தார், குழியடியில் பார்த்த அதே முகம். படத்தை அறிமுகம் செய்ய எழுந்த அருள்குமரனின் கால் ஒரு எட்டு வைக்கமாட்டேன் என்றது, உட்கார்ந்துவிட்டான்... தண்ணீர் குடிப்பவன்போலக் குனிந்து, லெப்டொப்பைத் தன் பக்கம் திருப்பி, அந்த இடத்தைத் தேடிப் பிடித்து வெட்டினான், கதிரவேலு தூக்கிய காலும் பின்னால் வந்தவர் தணலில் வைத்த காலும் ஒட்டிக்கொண்டன, கதிரவேலு தீ மிதித்துவிட்டார். அவருக்காகவா செய்தேன், என் பல்லுக்காகவா? "லைட்டை நூருங்கண்ணே" என்றான், லைட் அணைவதற்குள் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தான், முழுப் படத்திலும் அந்த ஒரு இடம்தான் நன்றாக வந்திருந்தது, அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.