பாதைக்கு அந்தப் பக்கம்

"ஒரு கை குடுங்க, அந்தக் காலப் புடிங்க" என்று மாசிலாமணி வாத்தியார் சொன்னதும் நாலு பேர் குனிந்து பெஞ்சைத் தூக்கிவிட்டார்கள். அபிநந்தன் வீட்டுக்குள்ளிருந்து வெறுங்காலோடு ஓடிவந்தார்.

"எங்க தூக்கிக்கினு போறீங்க? கீழ வைங்க."

"அக்காவ வாசல்ல கிடத்தணும் சார். கூடத்துல பத்து பேரு நிக்க இடமில்ல. ஐஸ் பெட்டியும் வேணாம்னுட்டீங்க. இது ஆறடி நீளம், நல்ல அகலம். மேல ஒரு ஜமக்காளத்த விரிச்சா ஆச்சு."

"வேணாம்."

"மூணு மணிக்கு எடுக்கப் போறோம். அதுவரைக்கும்தான சார்?"

"அக்கா அதுல படுக்காது."

நாலு பேரும் பெஞ்சை அரையடி உயரத்தில் பிடித்தபடியே அவரைப் பார்த்தார்கள். உள்ளே அக்கா மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறாள், காதில் விழுந்தால் வந்து கத்துவாள் என்பதுபோல இருந்தது அவர் சொன்ன விதம். சென்னையிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்த மகன் ஸ்ரேயான்ஸ் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டான்.

"அப்பா, இன்னைக்குமா இந்த வீம்பு? அத்தை போயாச்சு. இனிமே பெஞ்சு என்னா, நாற்காலி என்னா?"

அபிநந்தன் அவன் கையை விலக்கினார். கேட்டைத் திறந்துகொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். கிருஷ்ணவேணியிடம் கேட்டு, அவள் வீட்டு நாடாக் கட்டிலை அவளும் அவருமாகவே தூக்கி வந்தார்கள். செங்கல் பாதைக்கு இடது பக்கம், நந்தியாவட்டைச் செடியின் ஓரமாகப் போட்டார். நாலு காலும் சமமாக நிற்கிறதா என்று ஆட்டிப் பார்த்து, ஒரு காலுக்கு ஓட்டுச்சில் ஒன்றை முட்டுக் கொடுத்தார். அப்புறம்தான் அனந்தமதியை வெளியே கொண்டுவர விட்டார்.

பெஞ்சு வலது பக்கம் அதன் இடத்துக்கே போனது.

ஏழு வருஷத்துக்கு முன்னால், மனைவி இறந்தபின், விழுப்புரத்தை விட்டு அக்கா வீட்டோடு வந்துவிடலாம் என்று அபிநந்தன் திண்டிவனம் வந்தபோது, குட்டியானை வண்டியில் இரண்டு பெட்டியும் இந்தப் பெஞ்சும்தான் வந்தன. முப்பத்துநாலு வருஷம் ரயில்வேயில் இருந்து, விழுப்புரத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்றவர். ஒரு காயலான் கடையில் இந்தத் தேக்குப் பெஞ்சைப் பார்த்திருக்கிறார். பிளாட்பாரத்தில் கிடந்தது என்று கடைக்காரன் சொல்லியிருக்கிறான். அவரும் நம்பி வாங்கிவிட்டார்.

அனந்தமதி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்தாள்.

"என்னாடா இது, ஆஸ்பத்திரிய ஊட்டுக்கே கொண்டாந்துட்ட?"

கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்தவள் அவள். அழுது முடித்த கையோடு நர்ஸ் படிப்புக்குப் போய், முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தாள். வார்டு வாசலில் இதே மாதிரி நீளப் பெஞ்சுகள். "அதுல சாஞ்சி உக்காந்த ஒரு ஆள நான் பாத்ததில்லடா. எல்லாம் நுனியில உக்காந்துக்கினு கதவையே பாத்துக்கினு இருக்கும். நான் வெளிய வந்தா போதும், அத்தன பேரும் எழுந்து நிப்பாங்க. எனக்கு ஊட்டுல அது வேணாம்."

அடுத்த வாரமே கூட்டேரிப்பட்டு வரைக்கும் போய், ரோட்டோரக் கடையில் மூன்று ஒயர் நாற்காலிகள் வாங்கி வந்தாள். இரும்புக் குழாயில் பிளாஸ்டிக் ஒயர் பின்னியது. ஒன்று கிளிப்பச்சை, ஒன்று ஆரஞ்சு, ஒன்று கத்தரிப்பூ நிறம். உட்கார்ந்தால் ஆளை மடியில் வாங்கிக்கொள்வது போல உள்ளே இழுத்துக்கொள்ளும்.

"ஐஸ்கிரீம் கடை போட்டாப்புல இருக்குது" என்றார் அபிநந்தன்.

"இருந்துட்டுப் போவட்டும். ஐஸ்கிரீம் கடைக்கு எவனும் அழுதுக்கினு வர்றதில்ல."

"நாற்காலின்னா ஒரு ஆளோட முடிஞ்சுபோச்சுக்கா. பெஞ்சுன்னா பக்கத்துல வர்றவனுக்கும் இடம் இருக்குது. வண்டி லேட்டாச்சின்னா, முன்னப்பின்ன தெரியாத நாலு பேரு அதுல உக்காந்து சொந்தக்காரங்களா ஆயிடுவாங்க. நான் பாத்திருக்கேன்."

"நீ வண்டிய பாத்த. நான் மனுசாள பாத்தேன்."

இப்படியே மூன்று மாதம் ஓடியது. கடைசியில் கேட்டிலிருந்து கிணற்றடிக்குப் போகும் செங்கல் பாதை எல்லையானது. வலது பக்கம் அவர் பெஞ்சு, இடது பக்கம் அவள் நாற்காலிகள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடும் ஜைனக் குடும்பம் என்பதால் சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் ஆளுக்கொரு தட்டோடு தோட்டத்துக்கு வந்துவிடுவார்கள். அவர் அந்தப் பக்கம், இவள் இந்தப் பக்கம். நடுவில் எட்டடி. ஊறுகாய்ப் பாட்டில் மட்டும் பாதையைத் தாண்டிப் போய்வரும். எட்டடிக்குக் குரல் உயர்த்திப் பேச வேண்டியிருந்ததால் தெருவில் போகிறவர்கள் சண்டை என்று நினைப்பார்கள். அவர்கள் நினைத்தது தப்பும் இல்லை.

அக்கா போன அன்றைக்குக் காலையிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. அனந்தமதி ஐந்தரை மணிக்கே எழுந்து பூப்பறித்துவிட்டு, கிளிப்பச்சை நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அபி, ஒரு சொம்பு தண்ணி கொண்டாடா" என்றாள். கொண்டுவந்து பார்த்தபோது கண்ணை மூடியிருந்தாள். பூக்கூடை மடியில் இருந்தது. தூங்குகிறாள் என்று நினைத்து, சொம்பைக் காலடியில் வைத்துவிட்டு, தன் பெஞ்சுக்கு வந்து பேப்பரைப் பிரித்தார். வழக்கம்போல உரக்கப் படித்தார். திண்டிவனத்தில் குடிதண்ணீர் வராததைப் படித்தார். மழை வரும் என்று போட்டிருந்ததைப் படித்தார். மழை என்றால் அவள், "இவனுங்க சொன்னா அன்னைக்கு வெயில்தான்" என்பாள். ரயில் கட்டணம் கூடுகிறது என்பதைப் படித்துவிட்டு, "நியாயந்தான், செலவு கூடுது இல்ல?" என்று வேண்டுமென்றே சொன்னார்.

பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எதிர்ப்பேச்சு வரவில்லை.

பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்ப் பார்த்துவிட்டால் அது உண்மையாகிவிடும்.

பதினொரு மணிக்கு மேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பனமலைப் பக்கத்திலிருந்து பங்காளிகள், அவளோடு வேலைபார்த்த நர்சுகள், பெயர் தெரியாத பெண்கள் பலபேர். ஜினாலயத்திலிருந்து வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று பஞ்சமந்திரம் சொன்னார்கள். அபிநந்தனும் உதடசைத்தார். மூன்று மணிக்கு எடுத்தார்கள். ஸ்ரேயான்ஸ் கொள்ளி வைத்தான். அத்தை தன்னை ஆறு மாதம் வளர்த்தவள் என்று அங்கே வைத்துத்தான் அழுதான்.

திரும்பி வந்து எல்லோரும் குளித்து முடிக்கும்போது மணி ஐந்தேகால். வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. "ஜல்தி, ஜல்தி, பொழுது போறதுக்குள்ள பெரியவங்கள சாப்புட வைங்க" என்று மருமகள் ப்ரியதர்ஷினி அவசரப்படுத்தினாள். பக்கத்துத் தெரு சொந்தக்காரர் வீட்டில் ஆக்கிய சாப்பாடு வந்திருந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்த அபிநந்தன் நின்றுவிட்டார்.

பெஞ்சு இடம் மாறியிருந்தது. தரையில் உட்கார முடியாத கிழவர்களுக்காக யாரோ அதைப் பாதையைத் தாண்டி அக்காவின் பக்கம் இழுத்துப் போட்டிருந்தார்கள். கத்தரிப்பூ நாற்காலி அதன் வலது கையோடு ஒட்டி நின்றது. ஆரஞ்சு நாற்காலியில் மாசிலாமணி வாத்தியார் புதைந்துபோய், மோர்க் குழம்பு கேட்டுக்கொண்டிருந்தார். வாடகைக்கு வந்த வெள்ளை நாற்காலிகள் அங்கங்கே பாதை மேலேயே கிடந்தன. அங்கே எல்லை ஒன்று இருந்தது என்பது யாருக்கும் தெரியவில்லை.

அபிநந்தன் வாயைத் திறந்தார். பனமலைப் பெரியவர் ஒருவர் பெஞ்சில் நகர்ந்து, "வா அபி, இடம் இருக்குது" என்றார். கையில் தட்டைக் கொடுத்துவிட்டார்கள். உட்கார்ந்தார்.

அக்காவின் பக்கத்திலிருந்து தன்னுடைய பக்கத்தை அவர் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தது அன்றைக்குத்தான். பெஞ்சு கிடந்த இடம் காலியாக இருந்தது. அதன் நாலு காலும் நின்ற இடத்தில், மண்ணில் நாலு வட்டம் கறுப்பாகத் தெரிந்தது. எண்ணெய் ஊறின மாதிரி இருந்தது.

"அது என்னா கறை?" என்றார், சோறு போட வந்த கிருஷ்ணவேணியிடம்.

கிருஷ்ணவேணி கரண்டியைப் பிடித்தபடி கொஞ்சம் யோசித்தாள். "சொல்லக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருந்திச்சி. இப்ப சொன்னா என்னா. கரையான் மருந்துங்க."

"தேக்குல கரையான் ஏறாதே."

"அதத்தான் சொல்லிச் சிரிக்கும். 'தேக்குக்குக் கரையான் வராதுன்னு பீத்திக்கினு திரியறான், போன வருசமே ஒரு கால்ல புடிச்சிடுச்சி, தெரிஞ்சா மூஞ்சி தொங்கிடும்'னு. நீங்க விழுப்புரம் போற நாளா பாத்து, மாசாமாசம் நாலு காலுக்கும் அடிக்கும்."

அபிநந்தன் தட்டைப் பார்த்தார்.

"அப்ப ஒரு நாளாவது இதுல உக்காந்துச்சா?"

"அக்காவா? நானே ஒருதபா, முட்டி வலிக்குதுன்னு சொல்லிக்கினு நிக்கறியே, செத்த இதுல உக்காரேன்னு சொன்னேன். 'செத்தாலும் உக்கார மாட்டேன்'னுட்டு, நின்னுக்கினே அடிச்சிட்டுப் போயிடுச்சி." சொன்னபிறகுதான் சொன்ன வார்த்தை உறைத்து, கிருஷ்ணவேணி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அபிநந்தனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பெரியவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். சிறிது நேரத்தில் அது உண்மையாகவே அழுகையாகவும் ஆனது. அப்புறம் இன்னொரு கரண்டி சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

கொஞ்சம் தள்ளி நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஸ்ரேயான்ஸ், அவர் சாப்பிட்டு முடித்ததும் பக்கத்தில் வந்து நின்றான். கைகழுவச் சொம்பில் தண்ணீர் ஊற்றும்போது, "ஞாயித்துக்கிழம எங்களோட வந்துடுங்கப்பா. காரியத்துக்குத் திரும்பி வந்துக்கலாம். அப்புறம் வீட்டப் பூட்டிடலாம். இங்க தனியா என்னா பண்ணப் போறீங்க?" என்றான்.

எட்டடிக்கு அப்பால் ஆள் இல்லாத தோட்டத்தில் என்ன பேசுவது? தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் பெட்டி காரில் ஏறிவிட்டது. ப்ரியதர்ஷினி சமையலறை ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தாள். அபிநந்தன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கிருஷ்ணவேணி, கோடிவீட்டு அம்மாள் ஒருத்தி, கட்டட வேலை மேஸ்திரி மண்ணாங்கட்டி. அவருக்கு எழுபது இருக்கும்.

"என்னா மேஸ்திரி?"

மண்ணாங்கட்டி எழுந்தார். "ஒண்ணுமில்ல சார். ஞாயித்துக்கெழம ஆச்சே. அம்மா இல்லன்னு தெரியும். காலு தானா வந்துடுச்சி."

அப்புறம்தான் விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அபிநந்தன் ஜினாலயத்துக்குப் போய்விடுகிற நேரத்தில், தெருவில் நாலைந்து பேருக்கு அக்கா பிரஷர் பார்ப்பாள் என்பது அவருக்குத் தெரியும். தெரியும் என்றால், அவ்வளவுதான் தெரியும். யார் வருவார்கள், யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அவர் கேட்டுக்கொண்டதே இல்லை.

"செத்த நேரம் உக்காந்துட்டுப் போயிடறோம்" என்றாள் கோடிவீட்டு அம்மாள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அலமாரியில், மடித்த துண்டுக்கடியில் பிரஷர் மெஷின் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்து மண்ணாங்கட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பட்டையை அவர் கையில் சுற்றினார், அது வழுக்கி முழங்கைக்கு இறங்கியது.

"எனக்கு இது பழக்கமில்ல மேஸ்திரி."

"நான் சொல்றேன் சார். தலகீழா புடிச்சிருக்கீங்க. கொழா இந்தப் பக்கமா கீழ வரணும். இன்னும் கொஞ்சம் மேல ஏத்துங்க. ரெண்டு வெரலு நொழையற மாதிரி. ஆங், அதான். இப்ப அந்தப் பெரிய பட்டன அமுக்குங்க."

நூற்றைம்பத்தாறு காட்டியது. அபிநந்தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"ஜாஸ்தியா இருக்குதே?"

"மாத்திர தீந்து நாலு நாளு ஆவுது." மண்ணாங்கட்டி தரையைப் பார்த்தார். "அம்மாவா இருந்தா இந்நேரம் திட்டியிருக்கும்."

அபிநந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாலு நாளு வாங்காம என்னா பண்ணிக்கினு இருந்த? டவுனுக்குத் தினமும் போற ஆளு. இன்னைக்கே வாங்கற. வாங்கிக்கினு வந்து என் கண்ணுல காட்டற."

பிளாட்பாரத்தில் கத்திப் பழகிய குரல். தெருவில் போன சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்தான். மண்ணாங்கட்டி, "சரிங்க சார்" என்று சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். முகம் தெளிந்திருந்தது.

ஸ்ரேயான்ஸ் கார்ச் சாவியோடு கேட்டருகே நின்றான். "அப்பா, வெயில் ஏறறதுக்குள்ள கிளம்பணும்."

"நீங்க முன்ன போய்க்கினு இருங்க. இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க."

"அத முடிச்சிட்டு வாங்கப்பா, வெயிட் பண்றோம்."

"மேஸ்திரி மாத்திர வாங்கிக்கினு வரணும். அடுத்த வாரம் திரும்ப பாக்கணும். உனக்குப் புரியாது, போ."

ஸ்ரேயான்ஸ் எதையோ சொல்ல வந்தான். ப்ரியதர்ஷினி பின்னாலிருந்து அவன் கையைத் தொட்டாள். அவன் காரின் பின்கதவைத் திறந்து, பெட்டியை இறக்கி வைத்தான்.

கிருஷ்ணவேணி கையை நீட்டினாள். அபிநந்தன் இந்தத் தடவை குழாயைச் சரியான பக்கம் வைத்து, இரண்டு விரல் நுழைத்துப் பார்த்து, பட்டனை அமுக்கினார். "பேசக் கூடாது" என்றார்.

மெஷின் முனகத் தொடங்கியது. பட்டை மெல்ல மெல்ல உப்பியது.